தறிக்கு ஒரு பேர்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
9-4-1967

தம்பி கண்ணாயிரத்துக்கு அக்கா கிருஷ்ணவேணி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நீ பட்டணம் போய் நாற்பது நாள் ஆகிறது. வந்து சேர்ந்தேன் என்று ஒரு கார்டு போட்டாய், அதோடு சரி. கிண்டியில் உன் கம்பெனி எப்படி இருக்கிறது, சோறு யார் போடுகிறார்கள், காமாலை வந்த உடம்புக்கு எண்ணெய் ஆகாது என்று அவர்களிடம் சொன்னாயா, ஒன்றும் தெரியவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். உன் கம்பெனிக்காரர்கள் சொன்னபடியே நம் தெருக்கோடியில் கொட்டகை போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு தறி. போன வருஷம் ரூபாய் மதிப்பை இறக்கியதிலிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் பட்டு மலிவாகிவிட்டதாம். நம் சாம்பிளைப் பார்க்க வந்த அந்த ஜெர்மனிக்காரி கப்பல் கப்பலாகக் கேட்கிறாளாம். தறியில் உட்காருகிறவர்களுக்கு மாதம் இருநூற்று ஐம்பது. நம் வீட்டில் நீ தறிக்குழியில் இருந்து நெய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்து உடலோடு கரையைக் கோர்க்க, இரண்டு பேருமாக நூறு ரூபாய் பார்த்தால் அது நல்ல மாதம். அதை நினைத்துப் பார். நீ போனதும் நெசவாளர் சொசைட்டி உன் பேருக்குத் தந்த பாவு நூலை நிறுத்திவிட்டது, வீட்டுத் தறி சும்மா கிடக்கிறது.

சரி, நமக்கும் விடிந்தது என்று தலையை வாரிக்கொண்டு போய் நின்றேன். கிளார்க் சம்பத்குமார் என்று சின்ன காஞ்சிபுரத்துப் பிள்ளை ஒருவன் லிஸ்டைப் படித்தான். "கிருஷ்ணவேணி. ஹெல்பர். நாள் கூலி ஒண்ணேகால் ரூபாய்."

"ஹெல்பருன்னா இன்னா சாமி?" என்று கேட்டேன்.

"கூடமாட ஒத்தாசை பண்றவா. நூல் வேகவெக்கிற எடத்துக்குப் போங்கோ."

பதினாறு வருஷமாகக் கரையையும் உடலையும் சேர்த்துக் கோர்வை போடுகிறவள் நான் என்றேன். அவன் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினான். "உங்க தம்பி எழுதிக் கொடுத்த ஃபாரம்தாம்மா இது. பாருங்கோ, கையெழுத்து." உன் கையெழுத்துதான். எனக்குத் தெரியாதா? பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டு நீலாம்பாள் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இதை எப்போது எழுதினாய்? என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஏதோ அவசரத்தில் எழுதிவிட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன். தறிக்கு உரியவன் "இவள் நெசவாளிதான்" என்று எழுதிக் கொடுத்தால் தறியில் உட்கார வைப்பார்களாம். ஆடி முடிகிற வரைக்கும் லிஸ்டைத் திருத்தலாம் என்று கிளார்க் சொன்னான். ஒரு வரி போதும். நாளைத் தபாலிலேயே போடு.

உன் அக்கா,
கிருஷ்ணவேணி

*

கிண்டி,
சென்னை.
22-4-1967

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். உட்கார்ந்து நிதானமாக யோசித்தால் என் மேல் தப்பில்லை என்பது உனக்கே தெரியும்.

அந்த ஃபாரத்தில் இரண்டே கட்டம்தான். ஒன்று வீவர், இன்னொன்று ஹெல்பர். வீவர் கட்டத்தில் தறிக்கு ஒரு பேர்தான் எழுதலாம். சொசைட்டியிலும் அப்பா காலத்திலிருந்து அதுதானே வழக்கம். தறிக்கு ஒரு பேர். அப்பா பேர் இருந்தது, அப்புறம் என் பேர் வந்தது. உன்னை நான் வேறு எந்தக் கட்டத்தில் எழுதுவது, சொல்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்னூறு ரூபாய் சம்பளம். தலைக்கு மேல் கரண்டு விசிறி சுற்றுகிறது. கேன்டீனில் எண்ணெய் இல்லாமல் தனியாகக் குழம்பு வைத்துத் தருகிறார்கள். அங்கே இத்தனை காலம் குண்டுச் சட்டியில் குதிரை ஓட்டியிருக்கிறோம் என்று தோன்றுகிறது. மானேஜர் வரதராஜன் படித்த மனிதர், எங்களைக் கூப்பிட்டு வைத்து உலக நடப்பெல்லாம் சொல்வார். வெளிநாட்டான் காசு கொடுப்பது கைத்திறமைக்கு, திறமைக்காரனை ஒரே நாளில் உண்டாக்க முடியாது, அதனால் அவனுக்குக் கூலி ஏறிக்கொண்டே போகும். வெந்நீர் போடவும் நூல் சுற்றவும் மழை இல்லாத ஊர்களில் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், அவர்களுக்கு ஏன் ஏற்ற வேண்டும் என்கிறார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது.

உன் விஷயத்தைச் சமயம் பார்த்துப் பேசுகிறேன். வந்ததும் வராததுமாக அக்காவுக்குப் பண்ணுங்கள், தம்பிக்குப் பண்ணுங்கள் என்று போய் நின்றால் நன்றாக இருக்காது. இருபது ரூபாய் மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். ஒரு புடவை வாங்கிக்கொள்.

தம்பி,
கண்ணாயிரம்

*

காஞ்சிபுரம்.
5-5-1967

கண்ணாயிரத்துக்கு,

உன் இருபது ரூபாயைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் நான் கேட்டது ஒரு வரி. ரூபாய் கேட்கவில்லை.

உன் மானேஜர் சொன்ன நியாயம் எனக்கு நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் நான் அதற்குள்தான் நின்றுகொண்டிருக்கிறேன். கூரத்திலிருந்தும் முசரவாக்கத்திலிருந்தும் பொழுது விடியும்போதே பெண்கள் நடந்து வந்து கொட்டகை வாசலில் நிற்கிறார்கள். ஏரியில் தண்ணீர் இல்லை, நடவு இல்லை, வேறு எங்கே போவார்கள்? அரிசி விற்கிற விலைக்குக் கால் ரூபாய் ஏற்றிக் கொடுங்கள் என்று நீலாம்பாள் மேஸ்திரியைக் கேட்டாள். அவர் வாசலைக் காட்டி, "தோ பாரு, ஒரு ரூபாய்க்கு வரேன்னு அம்பது பேரு நின்னுக்கினு இருக்குதுங்க. நீ போறியாமா?" என்றார். நீலாம்பாள் அடுப்பில் விறகைத் தள்ளப் போய்விட்டாள். அதே வாரம் தறிக்காரர்களுக்குக் கேட்காமலே இருபது ரூபாய் ஏறியது. வாசலில் நிற்கும் அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வரிசையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியவன் மேல்தான் கோபம்.

கட்டம் இரண்டுதான் இருந்தது என்கிறாய். நான் ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. தை மாதம் நீ காமாலையில் சுருண்டு கிடந்தபோது அந்த மாம்பழ நிறச் சாம்பிள் துண்டை நெய்தது யார்? நான் தறிக்குழியில் இறங்கினேன். நீலாம்பாளைப் பக்கத்தில் எடுபிடிக்கு உட்கார வைத்துக்கொண்டு, கரையையும் நானே கோர்த்து ஒன்பது நாளில் முடித்தேன். ஜெர்மனிக்காரி வந்து கரையையும் உடலையும் இரண்டு கையால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிரியவில்லை. உன் முதுகில் தட்டிக் கொடுத்தாள். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். தம்பி பிழைக்கட்டும் என்றுதான் போனேன். உள்ளே போனவளை அப்படியே வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாய் என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், இத்தனை வருஷம் கேட்டதில்லை. வாலாஜாபாத் ரைஸ்மில்லில் வேலை பார்த்த ராஜவேலு பெண் கேட்டு வந்தாரே, நினைவிருக்கிறதா? எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அவரிடம் நீ என்ன சொன்னாய்? "அக்கா போயிட்டா தறி நின்னுடும்பா." அவரும் எழுந்து போய்விட்டார், நானும் தறிக்குத் திரும்பிவிட்டேன். அன்றைக்கு நான் போனால் தறி நின்றுவிடும். இன்றைக்கு நான் ஹெல்பர். தான் எழுந்து போனால் தறி நின்றுபோகிற ஹெல்பரை நீ எந்த ஊரில் பார்த்தாய்?

ஆடி கடைசி என்று சொன்னேன். நினைவு வைத்துக்கொள்.

கிருஷ்ணவேணி

*

சென்னை.
11-6-1967

அன்புள்ள அக்காவுக்கு,

கருடசேவைக்கு வருவேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். லீவு கொடுக்கவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, அதனால் வரவில்லை.

ராஜவேலு வந்த அன்று எனக்கு இருபத்தொரு வயது. தறி நின்றால் சோறு இல்லை என்ற பயம் மட்டும்தான் இருந்தது. உனக்கு ஒரு மனசு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கரை சுருங்குகிறது, அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து கோர்க்கிறவன் முருகேசன் என்று ஒரு ஆள். நல்ல மனிதன், சொன்னதைச் செய்வான். அவன் இழுத்தால் கரை சுருங்குகிறது, விட்டால் உடலுக்கும் கரைக்கும் நடுவே ஓட்டை விழுகிறது. மாற்றி உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான். இரண்டு துண்டைத் தள்ளிவிட்டார்கள். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "இன்னாப்பா, சாம்பிள்ல இருந்த கை எங்கே போச்சு?" என்று கேட்டார். நூல் சரியில்லை, பட்டணத்து உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன். அந்தக் கை எங்கே இருக்கிறது, என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்டில்தான் என்னை நிரந்தரம் பண்ணுவார்கள். இந்த நேரத்தில் அக்காதான் நெய்தாள் என்று எழுதிக் கொடுத்தால் என்னை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். எழுதாவிட்டால் நீ என்னைத் தம்பி என்றே சொல்லமாட்டாய். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்று என் பிழைப்பு ஆகிவிட்டது.

நீ இழையை எப்படிப் பிடிப்பாய்? உன்னைப் பார்த்துக்கொண்டே பதினாறு வருஷம் நெய்தேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. எழுதி அனுப்பு அக்கா. கரை நேரானால் நான் தப்பிப்பேன். ஆடிக்குள் உனக்கு எழுதித் தருகிறேன், செத்துப்போன அம்மா மேல் ஆணை.

கண்ணாயிரம்

*

காஞ்சிபுரம்.
19-6-1967

தம்பி,

இந்தக் கடிதத்தை நீலாம்பாளுக்குப் படித்துக் காட்டினேன். "இவனுக்குச் சொல்லித் தருவியா நீ? உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றாள். அவள் சொல்வது சரி. ஆனால் நீ பஸ் ஏறித் திரும்பி வந்து தெருவில் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. உன் மானேஜர் வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறார் என்று மட்டும் சிரித்துக்கொண்டேன்.

முருகேசனிடம் சொல். குறுக்கே இழை ஓட்டும் நாடா இந்தப் பக்கம் வந்ததும் இழையைப் பிடித்து இழுக்கக் கூடாது. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே அதை ஓடவிட வேண்டும். ஓடுகிற இழை ஒரு இடத்தில் தானாகத் தயங்கும். அங்கே பெருவிரல் நுனியால் ஒரு அழுத்து, அதன்பின் கரை இழையை மாட்டு. அந்தத் தயக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். முதல் பத்து நாள் ஒன்றும் பிடிபடாது. திட்டாதே, அவனுக்கு வந்துவிடும். அவனை ஹெல்பர் என்று எழுதியிருந்தால் அதையும் திருத்திவிடு.

எழுத்துக் கோணலாக இருக்கிறது என்று பார்க்காதே. சோடா உப்புத் தண்ணீரிலும் சோப்பிலும் கொதிக்கக் கொதிக்க நூலை அலசுகிறோம், விரலெல்லாம் வெடித்துக்கிடக்கிறது. பேனா பிடித்தால் எரிகிறது. அதனால் இதோடு நிறுத்துகிறேன். ஆடி பிறக்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

அக்கா

*

சென்னை.
20-8-1967

அன்புள்ள அக்காவுக்கு,

கரை நேராகிவிட்டது. முருகேசன் மூன்றாவது வாரம் பிடித்துக்கொண்டான். ஜெர்மனிக்காரி இன்னும் இரண்டாயிரம் கஜம் கேட்டிருக்கிறாள். என்னை நிரந்தரம் பண்ணி முன்னூற்று ஐம்பது ஆக்கிவிட்டார்கள். முருகேசனுக்கு ஒன்றும் ஏறவில்லை.

ஆடி முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். நான்கு முறை எழுதினேன், நான்கு முறையும் கிழித்தேன். "என் அக்கா நெய்தாள்" என்று எழுதினால் அடுத்த கேள்வி "அப்போது நீ என்ன நெய்தாய்" என்றுதான் வரும். கண்ணாயிரம் மாஸ்டர் என்று இங்கே கூப்பிடுகிறார்கள். அந்தக் குரல் காதில் விழும்போது பேனா கீழே போய்விடுகிறது. தீபாவளி போகட்டும் அக்கா. அதற்குள் என் காலை நன்றாக ஊன்றிக்கொள்கிறேன், அப்புறம் பேசினால் யாரும் என்னை அசைக்க முடியாது. மூன்று மாதம்தானே. இத்தனை நாள் பொறுத்தாய்.

கண்ணாயிரம்

*

காஞ்சிபுரம்.
1-9-1967

லிஸ்டை மூடிவிட்டார்கள். என் பேருக்கு நேரே கிளார்க் சிவப்பு மையில் டிக் போட்டான். கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன், அன்றைய கூலியும் போயிற்று.

இனிமேல் எனக்கு எழுதாதே.

கிருஷ்ணவேணி

*

சென்னை.
24-11-1967

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. இதையாவது கிழிக்காமல் படி.

சொல்லிவிட்டேன் அக்கா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேற்றுக் காலை மானேஜர் அறைக்குப் போனேன். சாம்பிளை நெய்தது நான் இல்லை, என் அக்கா. ஃபாரத்தில் நான் எழுதியது பொய். கரை நேரானதும் அவள் கடிதத்தில் சொல்லிக் கொடுத்த பிறகுதான். நின்றபடியே இதையெல்லாம் சொல்லி முடித்தேன். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "அடப் பாவி, இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? யாரு கையா இருந்தா எனக்கு இன்னாப்பா? காஞ்சிபுரத்துல நல்லா கோர்வை போடற ஆள் கிடைக்காம நான் நாயா அலைஞ்சிக்கினு இருக்கிறேன்." என்னை வேலையை விட்டும் எடுக்கவில்லை, சம்பளத்தையும் குறைக்கவில்லை. இத்தனை மாதம் எதற்குப் பயந்தேனோ அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஏப்ரலில் நீ கேட்ட அன்றே போய்ச் சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

டிசம்பர் முதல் தேதி வெள்ளிக்கிழமை அவரே காரில் அங்கே வருகிறார். உன்னைத் தறியில் உட்கார வைத்து ஒரு சாண் நெய்யச் சொல்லுவார். அது உனக்கு ஒரு பரீட்சையா? அன்றைக்கே வீவர் என்று எழுதிவிடுவார்கள். இருநூற்று எழுபது ரூபாய். நீ கேட்ட ஒரு வரியை இதோடு வைத்திருக்கிறேன், கம்பெனி முத்திரையும் போட்டிருக்கிறது. பொங்கலுக்கு வந்து உன் காலில் விழுகிறேன்.

உன் தம்பி,
கண்ணாயிரம்

*

காஞ்சிபுரம்.
10-12-1967

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதற்குள் வைத்த காகிதமும் வந்தன. அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அழுதேன். உன் மேல் இருந்த கோபம் அந்த அழுகையிலேயே பாதி போய்விட்டது. நீ மானேஜர் முன்னால் நின்று சொன்னாய் அல்லவா, அது லேசான காரியம் இல்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நீ அவர் வாயால் கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள்.

வியாழக்கிழமையே கைக்கு விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டேன். காலையில் நீலாம்பாள் எனக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டாள். கொட்டகையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள், கூரத்துப் பெண்கள்கூட. மானேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கதான் அந்தக் கையா? உட்காருங்கம்மா" என்றார். நான் தறிக்குழியில் இறங்கினேன். பாவு நூல் அரக்கு நிறம், கரை பச்சை. கம்பெனித் தறியில் அன்றுதான் முதல் தடவை. மிதியில் கால் வைத்ததும் உடம்பு தானாக அசைந்தது, ஒன்றும் மறக்கவில்லை.

நாடாவை விட்டேன். விரலுக்கு நடுவே இழை வந்தது. வந்து, அங்கேயே மாட்டிக்கொண்டது. வெடிப்பு ஒவ்வொன்றும் பட்டைப் பிடித்து இழுக்கிறது தம்பி. மெதுவாக எடுத்துவிட்டு மறுபடி விட்டேன். மறுபடியும் மாட்டியது, பிசிறு கிளம்பியது. சரி, மாட்டினால் மாட்டட்டும் என்று இழை தயங்கும் இடத்துக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. பெருவிரல் நுனி மரத்துப்போயிருக்கிறது. வெந்நீரில் அது எப்போது மரத்தது என்றுகூட நான் கவனிக்கவில்லை, எரிச்சல் நின்றதே என்று சந்தோஷமாக இருந்தேன். கண்ணால் பார்த்துப் பார்த்து நான்கு விரற்கடை நெய்தேன். கரை சுருங்கியது. ஐந்தாவது விரற்கடையில் இழை அறுந்தது.

மானேஜர் குனிந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார். "எத்தினி மாசமா வேகவெக்கிறீங்க?" என்று கேட்டார். எட்டு மாசம் என்றேன். சம்பத்குமார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான், எழுத அவனுக்கு மனசு வரவில்லை. "ஏற்கெனவே எழுதினதுதானே சாமி, அப்படியே இருக்கட்டும்" என்று நானே சொல்லிவிட்டுக் குழியிலிருந்து ஏறி வந்தேன். நீலாம்பாள்தான் ஓவென்று அழுதாள். எனக்கு அங்கே அழுகை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் காட்டினேன். தண்ணீர் படாமல் இருந்தால் வெடிப்பு ஆறும், மரத்தது திரும்புவது கஷ்டம் என்றார்கள். வேலையை விட்டுவிடு, நான் பணம் அனுப்புகிறேன் என்று நீ எழுதுவாய். அனுப்பாதே. என் கை சம்பாதித்ததை நீ வாங்கிக்கொண்டிருந்தபோது அது நம் இரண்டு பேர் கூலி. இப்போது நீ அனுப்பினால் அது தருமம். ஒண்ணேகால் ரூபாயில் ஒரு வயிறு கழுவ முடியும்.

பொங்கலுக்கு வா. வந்தால் சோறு போடுகிறேன். காலில் விழ வேண்டாம், அந்தப் பேச்சை எடுக்கவும் வேண்டாம். நீ கொடுத்த காகிதத்தைக் கிளார்க்கிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதலில் நீ எழுதிக் கொடுத்த ஃபாரமே அவர்களிடம் இருக்கட்டும். அன்றைக்கு அது பொய்யாக இருந்தது. இப்போது சரியாகத்தான் இருக்கிறது.

கிருஷ்ணவேணி